தண்டோராப் பறை

தாம்பரம் மாநகராட்சி ஏதாவது சொல்ல நினைத்தால் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருவுக்குள் வரும். சொத்து வரியோ மழை எச்சரிக்கையோ, பதிவு செய்த குரல் ஒரே ராகத்தில் ஒப்பித்துக்கொண்டு போய்விடும். 2021இல் இந்த மாநகராட்சிக்குள் வந்த மாடம்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம் எல்லாம் முன்பு ஏரித் தண்ணீரை நம்பிய ஊர்கள். அப்படிப்பட்ட ஊர்களில் மதகு திறக்கும் நாளையும் ஏரி மீன் ஏலத்தையும் அம்மன் கோயில் கூழ் ஊற்றுவதையும் வரிக்கெடுவையும் சொன்னது பறை.

வட்டமான மரச்சட்டம். அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் இழுத்து ஒட்டிய தோல். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய நீளமான சிண்டுக்குச்சி. ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும்; வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால்தான் குரல் வரும். தெருமுனையில் நாலு தட்டு தட்டி, ஆட்கள் வாசலுக்கு வந்த பிறகு, ‘இதனால் சகலமானவர்களுக்கும்’ என்று ஆரம்பிப்பார்கள்.

இந்த வேலைக்கு வயது அதிகம். மணிமேகலையின் விழாவறை காதையில் இந்திர விழாவை அறிவிக்கும் முரசு யானையின் பிடரியில் ஏறி வருகிறது. முரசு வேறு, பறை வேறு. செய்த வேலை ஒன்றுதான். பழைய மணலை மாற்றிப் புது மணல் பரப்புங்கள், தோரணம் கட்டுங்கள், இருபத்தெட்டு நாளும் சண்டை சச்சரவு வேண்டாம் என்று போகிறது அறிவிப்பு. நம் மாநகராட்சி வண்டி சொல்வதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. ஆனால் முரசறைபவனைப் பழங்குடியில் பிறந்தவன் என்று காப்பியம் மதிப்போடு சொல்கிறது. அந்த மதிப்பு எங்கேயோ வழியில் உதிர்ந்துபோயிற்று.

பின்னாளில் பறை வந்து சேர்ந்தது வெட்டியான், தோட்டி என்று ஊர் அழைத்த மனிதர்களின் தோளுக்கு. களத்துமேட்டில் கிடைக்கும் நெல்தான் கூலி. ஊர்த் தெருவெல்லாம் சுற்றிச் செய்தி சொன்னவரின் வீடு சேரியில் இருந்தது. சாவுக்கு அடிப்பதும் அவர் தலையில்தான் விழுந்தது. முடியாது என்று சொல்ல அவருக்கு இடமில்லை. பிறப்பே வேலையை எழுதி வைத்திருந்தது.

ஸ்காட்லாந்தின் பழைய நகரங்களிலும் ஒருவர் கைமணியோ மேளமோ கொண்டு தெருவில் நின்று நகர மன்றத்தின் உத்தரவைக் கூவினார். இறந்தவர் பெயரையும் இறுதி ஊர்வல நேரத்தையும் மணியடித்துச் சொன்னதும் அவரேதான். வேலை அச்சு அசல் நம் ஊர் வேலை. ஆனால் அவர் நகரம் சம்பளம் கொடுத்து வைத்த ஊழியர். மணியைத் தொட்டதால் யாரும் அவரை ஊருக்கு வெளியே குடியிருக்கச் சொல்லவில்லை.

இங்கே 1980இல் எம்.ஜி.ஆர். அரசு கிராமத்தின் பரம்பரை அதிகாரிகளான கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. உத்தரவு போட்டவரின் பரம்பரை முடிந்தது. அதைப் பறையடித்துச் சொன்னவரின் பரம்பரை முடியவில்லை. 2022 ஆகஸ்டில்தான் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார்: அறிவியல் வளர்ந்துவிட்ட காலத்தில் தண்டோரா தேவையில்லை, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம், மீறினால் நடவடிக்கை. ‘பழைய அழகு போயிற்றே’ என்று சிலர் வருந்தினார்கள். அந்த அழகைத் தோளில் சுமக்காதவர்களுக்கு வருந்துவது சுலபம்.

பறை இதற்கெல்லாம் முன்பே வேறு வழியில் நடக்கத் தொடங்கியிருந்தது. 1990களிலிருந்து தலித் கலைக் குழுக்கள் அதை மேடைக்குக் கொண்டுவந்தன. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் அடித்து ஆடினார்கள். மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது சென்னையில் கணினி வேலை பார்க்கும் பிள்ளைகளும் ஆசைப்பட்டுக் கற்கிறார்கள். அடிப்பதா வேண்டாமா என்று தானே முடிவு செய்யும் கையில் பறை முதல்முறையாக இருக்கிறது. சாவு ஊர்வலத்தில் அடிப்பவர்களுக்கு அந்த வசதி இன்னும் முழுசாக வரவில்லை.

சட்டப் புத்தகத்தில் மட்டும் பழைய மேளம் அப்படியே கிடக்கிறது. கடனுக்காக நிலத்தையோ வீட்டையோ ஜப்தி செய்தால், மேளம் அடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அந்த இடத்தில் அதை அறிவிக்க வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 21, விதி 54. அந்த மேளத்தை யார் அடிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. அதை எழுத வேண்டிய தேவையே இல்லாத காலத்தில் இயற்றிய சட்டம் அது.