அரண்மனை கைவிட்ட வில்லை

சிறு மண் கெண்டியில் முழு இலையை ஊறவைப்பதுதான் சீனத் தேநீரின் ஆதி வழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். சான்றுகள் வேறு சொல்கின்றன. 8ஆம் நூற்றாண்டில் தேயிலைக்கென்றே நூல் எழுதிய லூ யூ, இலையை அவித்து, இடித்து, வில்லையாக்கி, பிறகு வாட்டிப் பொடித்து, உப்பிட்ட கொதிநீரில் போடச் சொல்கிறார். இஞ்சியும் வெங்காயமும் சேர்த்தால் அது சாக்கடைத் தண்ணீர் என்று ஏசுகிறார். உப்புக்கு மட்டும் சலுகை கொடுத்தது வேடிக்கைதான். சோங் வம்சக் காலத்தில் வில்லையை மாவாக அரைத்து, தூளைக் கிண்ணத்தில் இட்டு, வெந்நீர் விட்டு, மூங்கில் துடைப்பத்தால் நுரை பொங்க அடித்தார்கள். அந்த வெண்ணுரை எடுப்பாகத் தெரியவே ஃபூஜியன் சூளைகளின் கருங்கிண்ணங்களை விரும்பினார்கள்.

இந்த வில்லை வழக்கத்தை ஒழித்தது 1391இல் மிங் பேரரசர் ஹோங்வூ இட்ட ஆணை என்பார்கள். குடிகளை வாட்டும் வில்லை வேண்டாம், உதிரி இலையே திறையாக வரட்டும் என்றார் அவர். ஆனால் 1313இலேயே வாங் ஜென்னின் வேளாண் நூல் உதிரி இலையைப் பேசுகிறது. உயர்ரக வில்லை அப்போதே அரண்மனைக்கான சரக்காகச் சுருங்கிவிட்டது. ஆக, ஆணை ஊர் வழக்கத்தைப் பின்தொடர்ந்ததே தவிர உண்டாக்கவில்லை. அப்படியானால் ஆணை வெறும் காகிதமா? இல்லை. பெரிய வாடிக்கையாளர் விலகினால் கைத்தொழில் தாக்குப்பிடிக்காது. 16ஆம் நூற்றாண்டில், இலையை ஊறவைக்கும் யீஷிங் மண் கெண்டிகள் பெயர்பெற்றன. தூளை அடிக்கும் முறை, துறவிகள் கொண்டுபோன ஜப்பானில்தான் நிலைத்தது. யுன்னானின் பூஅர் வில்லை இன்றும் இருக்கிறதே எனலாம். அதை யாரும் பொடிப்பதில்லை, பிய்த்து ஊறவைக்கிறார்கள்.