மருந்தைக் குறைத்து கிருமியை அடக்கிய வைத்தியசாலை

பெனிசிலின் வந்ததோடு கிருமிகளின் கதை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அங்கேதான் இன்னொரு கதை தொடங்கியது.

1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே ஒன்றைச் சொல்லி வைத்தார். போதாத அளவில் மருந்தெடுத்தால் கிருமி சாகாது, மருந்தைத் தாங்கப் பழகிவிடும்.

லண்டன் ஹாமர்ஸ்மித் வைத்தியசாலையில் மேரி பார்பர் என்ற நுண்ணுயிரியலாளர், நோயாளிகளிடமிருந்து எடுத்த ஸ்டெபிலோகொக்கஸ் பக்டீரியாவைச் சோதித்து வந்தார். சீழ்ப்புண் முதல் இரத்தத் தொற்று வரை உண்டாக்கும் கிருமி அது. 1946இல் அவற்றில் பெனிசிலினுக்கு அடங்காதவை சுமார் 14 வீதம். 1947இல் 38 வீதம். 1948இல் 59 வீதம்!

இரண்டே வருடத்தில் எப்படி இப்படியானது? பெனிசிலினைச் சிதைக்கும் நொதியத்தைச் சுரக்கும் கிருமிகள் முன்பே கொஞ்சம் இருந்தன. மருந்து மற்றக் கிருமிகளைக் கொன்று இவற்றுக்கு இடம் விட்டுக் கொடுத்தது. பிறகு இவை கைகளிலும் மூக்கிலும் தொற்றிக்கொண்டு, கட்டிலுக்குக் கட்டில் பரவின.

1950களின் இறுதியில் அதே வைத்தியசாலையில் பார்பரும் சகாக்களும் இதைத் திருப்பிக் காட்டினார்கள். பெனிசிலின் பாவனையை மட்டுப்படுத்தினார்கள். அன்டிபயோட்டிக் அவசியமான இடத்தில் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதைத் தடுத்தார்கள். அடங்காத கிருமிகளின் வீதம் இறங்கியது. 1960இல் அந்த முடிவுகள் வெளிவந்தன.

அதேகாலத்தில் மெதிசிலின் என்ற புது மருந்தும் வந்தது. 1961இலேயே அதற்கும் அடங்காத கிருமி பிரித்தானியாவில் பதிவானது. ஆக, புது மருந்து மட்டும் நம்மைக் காப்பாற்றாது.

இதில் நமக்கும் பங்குண்டு. வைத்தியர் எழுதாமல் பார்மசியில் அன்டிபயோட்டிக் கேட்க வேண்டாம். எழுதித் தந்தால் அவர் சொன்னபடியே எடுப்போம். நோயாளியைப் பார்க்கப் போவது நல்ல பழக்கம்தான். ஆனால் கூட்டமாகப் போய்க் கட்டிலில் உட்கார வேண்டாம். வாட்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கை கழுவுவோம். நாம் நலம் விசாரிக்கப் போன கையே, பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு நோயைக் கொடுத்துவிடக் கூடாது.