மூளை அதிர்வு

மூளை அதிர்வு: தலையில் அடிபட்டோ உடல் பலமாகக் குலுங்கியோ மூளையின் செயல்பாடு தற்காலிகமாகத் தடுமாறும் நிலை, லேசான தலைக்காய வகையைச் சேர்ந்தது. நினைவுநிலையை அளக்க 1974இல் உருவான கிளாஸ்கோ அளவீட்டில் இது 13 முதல் 15 புள்ளிகள் பெறும். நினைவு தப்பினால்தான் ஆபத்து என்ற நம்பிக்கை தவறு. பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதில்லை. பிரம்மதேசம்–திண்டிவனம் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவர் தானே எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, ‘வண்டி எங்கே?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டால் அதுவே முக்கிய அறிகுறி. தலைவலி, குமட்டல், கண்கூச்சம் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். ஸ்கேன்தான் சரியாக இருக்கிறதே எனலாம்; சி.டி. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டுமே தவிர, நரம்பணுக்களின் செயல்குலைவைக் காட்டாது.

தொடர் வாந்தி, வலிப்பு, கைகால் தளர்ச்சி, அதிகரிக்கும் மயக்கம் இருந்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும். திண்டிவனம் வட்டாரத்துக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் உள்ளன. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால் மூளை அதிர்விலிருந்து மீள்வதன் பெரும்பகுதி அதற்குப் பிறகே நடக்கிறது என்பதை வீட்டார் உணர வேண்டும். வாரக்கணக்கில் இருட்டறையில் படுப்பது மீட்சியைத் தாமதப்படுத்தும். ஓரிரு நாள் ஓய்வுக்குப்பின் மெல்ல நடக்கத் தொடங்கலாம். நான்கு வாரம் தாண்டியும் தலைசுற்றலோ மறதியோ நீடித்தால் நரம்பியல் மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் பார்க்க வேண்டும்.