கோப்பிக்கு நடந்து போனவுக

காப்பியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் துரைமாரில் தொடங்கித் துரைமாரிலேயே முடிக்கிறார்கள். எந்தத் துரை எந்தக் காட்டை அழித்தான், எந்த பாங்க் கவிழ்ந்தது என்றெல்லாம் வரிசையாக வரும். செடிக்கு வந்த நோய்க்குக்கூட லத்தீனில் ஒரு பேர் உண்டு. பழம் பறித்தவன் பேர் மட்டும் எந்தப் பக்கத்திலும் கிடையாது.

எங்களுடையது இராமநாதபுரம் சீமை. என் அப்பத்தா தன் பாட்டனைப் பற்றிப் பேச்சு வந்தால் "அவுக கோப்பிக்கு நடந்து போனவுக" என்று சொல்லும். இலங்கையில் காப்பிக்குக் கோப்பி என்றுதான் பேர். பின்னால் போன மற்றவர்களை "தேயிலைக்குப் போனவுக" என்று சொல்லும். இரண்டையும் ஒருநாளும் கலந்து பேசியதில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடப்போனால், அது செடியில் போய் முடிகிறது.

காப்பி மலைச்சரிவில் வளரும். கொஞ்ச நாள் வறட்சியில் மொட்டு கட்டி நிற்கும். ஒரு மழை விழுந்தால் பத்து நாளுக்குள் மொத்தமாகப் பூத்துவிடும். இதற்குப் பூமழை என்று பேர். பூத்ததெல்லாம் ஏழெட்டு மாசம் கழித்து ஏறக்குறைய ஒரே காலத்தில் பழுக்கும். கண்டி மலையில் அது ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை. அந்த மூணு நாலு மாசத்துக்கு ஆயிரக்கணக்கில் கை வேண்டும். பறிப்பு முடிந்தால் களை எடுக்கவும் கவாத்து பண்ணவும் கொஞ்சப் பேர் போதும். நம்ம ஊரில் நெல் அறுப்பு தையில். கோப்பிப் பழம் பறித்துவிட்டு அறுப்புக்குத் திரும்பிவிடலாம். பண்ணையாருக்கு ஆள் நஷ்டமில்லை. துரைக்கும் வருஷம் பூராவும் கஞ்சி ஊற்றுகிற செலவில்லை. இரண்டு முதலாளிக்கும் வசதியாக ஒரு செடி!

அது ஏன் கண்டிச் சீமை, ஏன் நம்ம சனங்க? பிரிட்டனுக்குக் காப்பி அனுப்பிக்கொண்டிருந்தவை மேற்கிந்தியத் தீவுகள். அங்கே வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1834இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அங்கே விளைச்சல் விழுந்தது. அடுத்த வருஷமே, 1835இல், இலங்கைக் காப்பிக்கும் மேற்கிந்தியக் காப்பிக்கும் ஒரே சுங்கவரி என்று ஆக்கினார்கள். கண்டியில் காடுகள் துரைமார் கைக்குப் போயின. மலையடிவாரத்துச் சிங்களக் குடியானவர்களுக்குச் சொந்தமாக வயல் இருந்தது. துரை தோட்டத்தில் நிரந்தரக் கூலியாகப் போய் நிற்க அவர்களுக்கு அவசியமில்லை. நம்மவர்களுக்கு வயல் இல்லை. 1843இல் கம்பெனி ஆட்சி இங்கேயும் அடிமைமுறையைச் சட்டம் ஏற்காது என்று எழுதிவைத்தது. எழுத்தில் விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. பள்ளரும் பறையரும் சக்கிலியரும் பெருந்தொகையாகக் கப்பலேறிய கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கூட்டிப்போனவன் கங்காணி. பெரிய கங்காணிமார் பலர் ஊரில் நம்மை ஒதுக்கிவைத்த சாதிகளைச் சேர்ந்தவர்கள். படகுக் கூலியும் வழிச் சோறும் முன்பணமாகக் கணக்கில் ஏறும். தோட்டத்தில் கொடுக்கிற அரிசியும் கணக்கில் ஏறும். ஆள் மலையேறும் முன்னாலேயே கடன்காரன். லயத்திலும் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கினார்கள். ஊர்ச் சேரியைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் மறுபடி கட்டியிருக்கிறார்கள் என்றால் மிகையில்லை.

மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் நூறு மைலுக்கு மேல் காட்டுவழி. காலரா, அம்மை, காய்ச்சல். தண்ணியில்லாத இடத்தில் விழுந்தவனை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் செத்திருக்கலாம் என்று 1849இல் 'கொழும்பு அப்சர்வர்' பத்திரிகை கணக்குப் போட்டது. அந்தத் தொகை கூடவா குறையவா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல், காப்பி மூட்டையை இறக்குவதற்காக. அதற்குப் பின்னாலும் வடக்குப் பாதையில் ஆள் நடந்துகொண்டேதான் இருந்தான்.

இனி விலைக்கு வருவோம். 1847இல் லண்டனில் காப்பி விலை சரிந்தது. கடன் வாங்கித் தோட்டம் போட்ட துரைமார் பலர் அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். அவர்கள் நஷ்டத்தை எல்லாப் புத்தகத்திலும் பார்க்கலாம். அந்தத் தோட்டங்களில் கூலி பாக்கி நின்றவன் கதி? கையில் காசில்லாமல், வந்த காட்டுவழியிலேயே திரும்பி நடக்கவேண்டியதுதான்.

1869இல் மடுல்சீமைப் பக்கம் இலையின் அடியில் மஞ்சள் பொடி தட்டியது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ், இலைத் துரு. நிழல் மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்த்து மலை மலையாக ஒரே செடியை நட்டு வைத்திருந்தார்கள். ஈரமும் காற்றும் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டன. இது பூஞ்சை, வித்துக்கள் காற்றில் பறந்து பரவுகிறது என்பதை மார்ஷல் வார்டு என்ற விஞ்ஞானி 1880களின் தொடக்கத்தில் வந்து விளக்கினார். அதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிருந்தது.

அந்தப் பத்து வருஷத்தில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஏக்கருக்குக் கிடைத்த மகசூல் பாதிக்கும் கீழே போனது. ஆனால் 1870களில் உலகச் சந்தையில் விலை உச்சத்தில் நின்றது. பாதி விளைந்தாலும் துரைக்கு லாபம். அதனால் நோயை விலை மறைத்துவிட்டது. நோய்ப்பட்ட மலையிலேயே இன்னும் மேலே ஏறிக் காடு வெட்டிக் காப்பி நட்டார்கள். 1878இல் 2,75,000 ஏக்கர். அதற்கு ஆள்? 1876-78இல் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். 1877 ஒரே வருஷத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இலங்கைக்குப் போனார்கள். என் அப்பத்தாவின் பாட்டனும் அந்தப் பஞ்சத்தில் போனவர்தான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். லண்டனில் விலை ஏறியபோது கூலி ஏறவில்லை. பசித்தவன் வரிசையாக நிற்கிறபோது எதற்குக் கூட்டிக் கொடுக்கவேண்டும்?

பிறகு பிரேசில் காப்பி சந்தையில் கொட்டியது, விலை இறங்கியது, மறைந்து கிடந்த நோய் வெளியே வந்தது. பிரேசில் காப்பியும் 1888 வரைக்கும் அடிமைகள் பறித்த காப்பிதான். 1884இல் ஓரியண்டல் பாங்க் மூழ்கியது. தோட்டங்கள் கைமாறின, கூலி பாக்கி நின்றது. பாக்கிக் கூலிக்குச் சட்டம் போட்டே பாதுகாப்பு தேடவேண்டிய நிலைமை 1880களில் வந்தது.

காப்பி செத்த மலையில் தேயிலை ஏறியது. தேயிலை வருஷம் பூராவும் துளிர்க்கிற செடி. அதற்குப் பருவக்கூலி போதாது, அங்கேயே கிடக்கிற குடும்பம் வேண்டும், கொழுந்து கிள்ளப் பொம்பளைக் கை வேண்டும். அப்படி லயத்தில் நிரந்தரமாகப் போய் அடைந்தவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் 1948இல் நாடற்றவர்களாக்கினார்கள். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கில் பங்குபோட்டார்கள்.

இந்தப் பக்கம் ஏற்காட்டிலும் கீழ்ப்பழனி மலையிலும் இன்றைக்கும் காப்பி பறிக்கிறார்கள். 1989இல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீடு முறிந்து விலை விழுந்தபோதும், 1994இல் பிரேசிலில் பனி விழுந்து விலை ஏறியபோதும், 2001இல் மறுபடி பாதாளத்துக்குப் போனபோதும் முதலாளிமார் சங்கங்கள் மனு எழுதின. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா ஒரு ராத்தல் நாலு டாலரைத் தாண்டியது, அதுவரை காணாத விலை. நம்ம மலைகளில் அநேக இடத்தில் அதற்குள் பறிப்பு முடிந்து, பருவத்துக்கு வந்தவர்கள் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். ஏறின விலை குடோனில் கிடக்கிற மூட்டைக்கு.