இடம் மாறிய ஒரு சொல்

2009 ஜனவரி 20. வாஷிங்டனில் பராக் ஒபாமாவுக்குத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார், தாளைப் பார்க்காமல். அரசியல் சட்டத்தில் 'வில்', 'எக்ஸிகியூட்' என்ற இரு வினைச்சொற்களுக்கு நடுவே நிற்கும் 'ஃபெய்த்ஃபுலி' (விசுவாசமாக), அவர் வாயில் வாக்கியத்தின் வாலுக்குப் போய்விட்டது. ஒபாமா தயங்கி, கடைசியில் அவரும் அப்படியே சொன்னார். மறுநாள் வெள்ளை மாளிகையில் மறுபடியும் பிரமாணம்!

வினையைப் பிரிக்கக் கூடாதென்ற இலக்கணப் பித்தே இந்தப் பிழைக்குக் காரணம் என்று எழுதினார் மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர்.

பித்து பழையதுதான். ஒற்றைச் சொல்லான இறந்தகால வினைக்கு முன் 'குவிக்லி' வந்தால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. வினை இரு சொல்லாகப் பிரிந்து நடுவில் அடை நுழைந்தால்தான் வம்பு. 1864இல் ஹென்றி ஆல்ஃபர்ட் என்ற பாதிரியார் 'டு'வுக்கும் வினைக்கும் இடையே எதையும் செருகக் கூடாதென்றார். 1926இல் ஆங்கில நடை நூலாசிரியர் ஃபௌலர் அந்த அச்சத்தைக் கேலி செய்தார். 1966இல் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரோ, அதே இடத்தில் 'போல்ட்லி'யைச் செருகி வாரந்தோறும் முழங்கியது.