போட்டோஸ்டாட் கட்டும் 13ஆம் பிரிவும்: மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தில் தமிழ் மாணவரின் இடம்

கமுந்திங்கிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் தமிழ் படிக்கப் போகும் மாணவரின் பையில் அச்சுப் புத்தகத்தோடு போட்டோஸ்டாட் கட்டும் இருக்கும். என் மேசையிலும் அப்படி ஒன்று கிடக்கிறது. தோட்டப்புறக் கதைகளின் தொகுப்பு. நடுமடிப்பில் விழுந்த கறுப்பு நிழல் இடப்பக்க வரிகளின் கடைசி எழுத்துகளை விழுங்கியிருக்கிறது. முன்பு யாரோ பென்சிலால் இட்ட கோடுகளும் நகலில் ஏறிவிட்டன. மூலப் புத்தகத்தை எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கவில்லை. இத்தகைய கட்டைச் சட்டம் காலந்தோறும் எப்படிப் பார்த்தது, நகலெடுக்கும் உரிமத்தை யாரிடம் கேட்கச் சொன்னது என்பவற்றை இக்கட்டுரை தேடிப் பார்க்கிறது.

தொடக்கத்தில் ஒரே தீபகற்பத்தில் ஒரே சட்டம் இருக்கவில்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நேரடியாகச் செல்லுபடியானது. பேராக் 1896இல் அமைந்த கூட்டு மலாய் மாநிலங்களைச் சேர்ந்தது; அங்கே தனிச் சட்டம், மாநிலச் சட்டத் தொகுப்பின் 73ஆம் அத்தியாயம். கிரியான் ஆற்றின் அக்கரையில் நிபோங் திபாலில் ஒரு சட்டம், இக்கரையில் பாரிட் புந்தாரில் இன்னொன்று. தைப்பிங்கும் கமுந்திங்கும் இக்கரைச் சட்டத்துக்குள் அடங்கியவை.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பின்னால் வந்தவற்றின் வேர் அதில் இருக்கிறது. தனிப்பட்ட படிப்பு, ஆராய்ச்சி, திறனாய்வு, மதிப்புரை, செய்தித்தாள் சுருக்கம் என்ற ஐந்து நோக்கங்களுக்காக ஒரு படைப்பை நியாயமாகப் பயன்படுத்துவது மீறல் ஆகாது என்றது அது. ‘நியாயப் பயன்பாடு’ என்று நாம் சொல்லும் கருத்து இந்தச் சட்டவாசகத்தின் வழியாகத்தான் மலாயாவுக்கு வந்தது. பள்ளிகளுக்கென ஒரு தனி விலக்கும் உண்டு. பள்ளிக்கான தொகைநூலில் பிறர் எழுத்திலிருந்து சிறு பகுதிகளைச் சேர்க்கலாம். ஆனால் நூலின் பெரும்பகுதி உரிமை இல்லாத எழுத்தாக இருக்க வேண்டும். ஒரே ஆசிரியரிடமிருந்து ஒரே பதிப்பாளர் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு பகுதிகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. மூலத்தையும் குறிப்பிட வேண்டும். லண்டனில் பாடநூல் விற்றவர்களை மனத்தில் வைத்து எழுதிய கணக்கு இது. தோட்டப் பள்ளியில் ஒரே வாசகத்தைக் கரும்பலகையிலிருந்து சிலேட்டில் எழுதிக்கொண்ட பிள்ளைகளுக்கும் இதற்கும் நடுவே ஒரு கடலே இருந்தது.

பல்கலைக்கழகத்தில் தமிழ் நுழைந்தபோதுதான் இந்தக் கேள்வி உண்மையாக எழுந்தது. 1956இல், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. அதையொட்டித் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளர் உட்படச் சாதாரண மக்கள் கொடுத்த சிறு காசு பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்களாக நின்றது. துறை பின்னர் கோலாலம்பூருக்கு இடம் பெயர்ந்தது. இந்த வரலாற்றை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்த நூலகத்துப் பழைய தமிழ் நூலை நகலெடுக்க நிற்பவர்களில், அந்த நிதிக்குக் காசு கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நாடு முழுவதற்கும் ஒரே பதிப்புரிமைச் சட்டம் 1969இல் வந்தது. இன்று நடப்பில் உள்ள 1987ஆம் ஆண்டுச் சட்டம், 332ஆம் எண் சட்டம், அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. 1990 அக்டோபரில் மலேசியா பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இச்சட்டத்தின் 13ஆம் பிரிவுதான் மாணவருக்குக் கவசம். கற்பித்தலில் எடுத்துக்காட்டாக ஒரு படைப்பைச் சேர்ப்பதும், தேர்வு வினாத்தாளில் பயன்படுத்துவதும் இப்பிரிவில் அனுமதிக்கப்பட்டவை. ஆனால் அதன் நியாயப் பயன்பாட்டு நோக்கங்களில் ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு முன்னால் ‘இலாப நோக்கற்ற’ என்ற அடைமொழி நின்றது. நோக்கங்களின் பட்டியலும் மூடிய பட்டியலாகவே இருந்தது.

2012 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இவ்விரண்டையும் மாற்றியது. அடைமொழி போனது. பட்டியலுக்கு முன் ‘உட்பட’ என்ற பொருள்தரும் ஒரு சொல் சேர்ந்தது. அந்த ஒரு சொல்லால் பட்டியல் திறந்துகொண்டது. பெயர் குறிப்பிடாத நோக்கத்துக்கும் இனி நியாயப் பயன்பாடு என்று வாதாடலாம். பயன்பாடு நியாயமானதா என்று பார்க்க நான்கு அளவுகோல்களும் வந்தன: நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, மூல நூலின் விற்பனைக்கு ஏற்படும் விளைவு. இவை அமெரிக்கச் சட்டத்தின் சாயலில் அமைந்தவை. கடைகளில் கிடைக்காத தமிழ்த் தொகுப்பு ஒன்றின் இரண்டு கதைகளைப் படிப்புக்காக நகலெடுப்பவருக்கு, நான்காவது அளவுகோல் பெரிய துணை என்பது என் வாசிப்பு. அச்சில் இல்லாத நூலுக்கு ஏது விற்பனை இழப்பு?

அதே 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும், டெல்லி பொருளியல் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாபி கடையின் மீதும் வழக்குத் தொடுத்தன. பாடப் பகுதிகளைக் கட்டாகச் சேர்த்து விற்றார்கள் என்பது புகார். 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் இருவர் அமர்வும், கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுப்பதை ஏற்றுக்கொண்டது. 2017இல் பதிப்பகங்கள் விலகிக்கொண்டன. ஆனால் இந்தத் தீர்ப்பு, ஆசிரியரும் மாணவரும் பாடம் நடக்கும்போது நகலெடுக்கலாம் என்று இந்தியச் சட்டம் நேராகவே சொல்வதன் மேல் நிற்கிறது. மலேசியச் சட்டத்தில் அவ்வளவு நேரான வாசகம் இல்லை. டெல்லித் தீர்ப்பை நம்பி ஒரு முழுப் புத்தகத்தைக் கட்டாக்கி விற்கும் கடைக்காரர் இங்கே சிக்குவார். விற்பனைக்காக மீறல் பிரதி தயாரிப்பவருக்குப் பிரதி ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.

முறையாக உரிமம் வாங்கிவிடலாமே என்பார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமத் திட்டங்களும், பதிப்புரிமைத் தீர்ப்பாயமும் உண்டு. உறுப்பினராகச் சேர்ந்த பதிப்பகங்களுக்கு அவை ஏற்றவை. மலேசியத் தமிழ் நூல்களில் கணிசமானவை ஆசிரியர் சொந்தக் காசில் அச்சடித்துத் தாமே விற்றவை. அவர் மறைந்தால் உரிமை பிள்ளைகளுக்குப் போகும். அவர்கள் இருந்த தோட்டம் துண்டாடப்பட்டு, லயன் வீடு இடிக்கப்பட்டு, வீட்டுமனையாகியிருக்கும். அனுமதிக் கடிதத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது?

31ஆம் பிரிவு இன்னும் வருத்தம் தருகிறது. பிறமொழி இலக்கியத்தை மொழிபெயர்த்து வெளியிட உரிமம் கேட்டு யாரும் தீர்ப்பாயத்தை நாடலாம். ஆனால் மொழிபெயர்ப்பு தேசிய மொழியில் இருக்க வேண்டும். மலாய்க்கு இருக்கும் இந்த வழி தமிழுக்கு இல்லை. அரசாங்கத் தமிழ்ப்பள்ளிகளையும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையையும் கொண்ட நாட்டில் இந்த வரியைத் திருத்தக் கேட்பது அதிகப்படி ஆகாது.

காலமும் கணக்கில் சேரும். மலேசியாவில் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள், இந்தியாவில் 60. ரப்பர்த் தோட்டத் தமிழரைப் பற்றிப் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதிய அகிலன் 1988 ஜனவரியில் மறைந்தார். 2038 முடிந்ததும் அந்த நாவல் கமுந்திங்கில் பொதுச்சொத்து. சென்னையில் 2048 முடிய வேண்டும். பாரதியின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கியதுபோல் மலேசியத் தமிழ் எழுத்தாளரின் உரிமையையும் விலைக்கு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட முடியும். சொந்தக் காசில் அச்சிட்டவரின் குடும்பத்துக்கு அது ஒரு தொகையாகவாவது திரும்பும். அதுவரை என் மேசையில் இருக்கும் கட்டில், விழுங்கப்பட்ட எழுத்துகளை ஊகித்து நிரப்பியே படிக்கிறேன்.