பேறுகாலம்

என் முதல் பிள்ளை அப்போது வயிற்றில்; ஏழு மாதம் முடிந்திருந்தது. வளைகாப்பு ஆகி, கை நிறையக் கண்ணாடி வளையலோடு திண்டுக்கல்லில் அம்மா வீட்டு வாசலில் இறங்கினேன். எதிர்வீட்டுப் பெண், "டெலிவரி எப்பக்கா?" என்று கேட்டாள். மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருந்த தேதியைச் சொன்னேன். திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாச்சி தலை நிமிராமலே சொன்னார்: "பேறுகாலத்துக்கு வந்திருக்கா. பிள்ளைக்குத் தலை நின்னப்புறந்தான் அனுப்புவோம்."

கேள்வி ஒன்று, பதில் இரண்டு. நான் சொன்னது ஒரு நாள். அம்மாச்சி சொன்னது ஒரு பருவம். அன்று முதல் பேறுகாலம் என்ற சொல் எனக்குள்ளேயே கிடந்தது.

பெறு என்ற வினையின் முதலெழுத்து நீண்டால் பேறு. கெடு கேடாவதும் சுடு சூடாவதும் இப்படித்தான். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்தோம். பெறுவது எதுவானாலும் பேறுதான். முயன்று அடைவதும் பேறு, தானாக வந்து வாய்ப்பதும் பேறு. வீடுபேறு என்று சமயத்தார் சொல்லும் கடைசிப் பேற்றுக்கும், பச்சைப் பிள்ளையைக் கையில் வாங்கும் பேற்றுக்கும் தமிழ் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. பெற்றோர், பெற்றவள், பெற்ற வயிறு எல்லாம் இந்த வேரிலிருந்து வந்தவை. மலையாளத்தில் இன்றும் பிரசவம் 'பேறு', வலி 'பேற்றுநோவு'. கன்னடத்தில் பகரம் ஹகரமாகி 'ஹெரிகெ' என்கிறார்கள்; பெற்ற தாய் அங்கே 'ஹெத்த தாயி'. எங்கள் சமவெளியில் கன்னடம் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. வேறு மொழி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டிலும் பெற்றவளுக்கு இதே சொல்தான்.

பழைய தமிழில் இதற்கு இன்னொரு வினையும் உண்டு: ஈன். மக்களுக்கும் மாட்டுக்கும் வாழைக்கும் பொதுவாக வழங்கியது. பேச்சில் இப்போது அது தேய்ந்துவிட்டது. மாடு கன்னு போட்டுச்சு, வாழை குலை தள்ளுச்சு என்கிறோம். ஈனுதல் உடம்பிலிருந்து வெளியே தருவது. பெறுதல் கைநீட்டி வாங்குவது. வேலை ஒன்றே, பார்க்கிற இடம் வேறு. திருக்குறளில் மக்களைப் பற்றிய ஏழாம் அதிகாரத்தில் இரண்டு சொற்களும் வருகின்றன. அதற்குப் பரிமேலழகர் உரையில் 'புதல்வரைப் பெறுதல்' என்று பெயர்; 'மக்கட்பேறு' என்றும் தலைப்பு வழங்குகிறது. எனக்கு மக்கட்பேறுதான் பிடிக்கும். என் மகளுக்கும் அதில் இடம் இருக்கிறது.

பிரசவம் வடமொழியிலிருந்து வந்தது. டெலிவரி ஆங்கிலம். அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு விடுவித்தல் என்று பொருள். வலியிலிருந்து விடுபட்டவள் என்று அவர்களும் ஒரு காலத்தில் தாயைத்தான் நினைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கு வந்தபோது அந்த நினைவு உடன் வரவில்லை. சிலிண்டருக்கும் பார்சலுக்கும் உள்ள சொல்லாகவே நம் காதில் விழுகிறது.

வலி வந்த இரவுக்கு வருகிறேன். இடுப்பில் ஒரு இழுப்பு. அம்மா பதறினார், அம்மாச்சி பதறவில்லை. "சூட்டு வலியா, பிள்ளை வலியா பார்ப்போம்" என்று சீரகத்தை வெறும் சட்டியில் கருக வறுத்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, பனைவெல்லம் தட்டிப்போட்டுக் கொடுத்தார். சூட்டு வலியென்றால் அதைக் குடித்ததும் அடங்கிவிடும், பிள்ளை வலியென்றால் ஏறும் என்பது அவர் கணக்கு. எனக்கு ஏறியது. வலி ஒரு ஓரத்தில் தொடங்கி முதுகைச் சுற்றி வந்து அடிவயிற்றில் முடிச்சுப் போடும், பிறகு விடும். விடுகிற அந்த இரண்டு நிமிடத்தில் சுவர்க்கடிகாரத்தின் சத்தம்கூடக் கேட்கும். விடியுமுன் கால் வழியே வெதுவெதுப்பாக இறங்கியது. "பனிக்குடம் உடைஞ்சிருச்சு, வண்டியைக் கூப்பிடு" என்றார் அம்மா. பனிக்குடம்! அத்தனை பயத்திலும் அந்தச் சொல்லின் குளிர்ச்சி மனதில் பட்டது.

மருத்துவமனையில் மேசைமேல் படுக்கவைத்தபின் சொல் எதுவும் நினைவில் இல்லை. முக்கு, மூச்சை விடு, முக்கு. கடைசியில் ஒரு வழுக்கல், ஒரு அழுகை. செவிலியக்கா பிள்ளையைத் துடைத்து என் நெஞ்சின்மேல் போட்டார். ஈரமான சின்ன முதுகு என் உள்ளங்கைக்குள் அடங்கியது. கொடுத்தேன் என்று எனக்குத் தோன்றவேயில்லை. வாங்கிக்கொண்டேன் என்றுதான் தோன்றியது. பேறு என்ற சொல்லைச் செய்தவள் யாரோ ஒரு பெற்றவளாகத்தான் இருக்க வேண்டும்.

வெளியே அம்மாச்சி கேட்டது ஆணா பெண்ணா என்றல்ல. "பெத்துப் பொழச்சாளா?"

இந்த இரட்டைச் சொல்லை அவர் தலைமுறை சும்மா சொல்லவில்லை. அம்மாச்சி ஏழு பெற்றார், நான்கு தங்கியது. தங்கியது என்பது அவர் சொல். விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்கட்டு அறையில், மருத்துவச்சி கைபிடிக்கப் பெற்றதாகச் சொல்வார். மருத்துவச்சியின் கைப்பக்குவத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். தலை திரும்பியிருக்கிறதா என்று வயிற்றைத் தடவியே சொன்ன பெண்கள் அவர்கள். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் கையில் ஏந்தி எடுத்துவிட்டு, ஊர்க்கடைசியில் வாழ்ந்தவர்களும் அவர்களே. ஆனால் கொதிநீரில் போடாத அரிவாளால் கொடியறுத்த வீடுகளில் பிள்ளைகள் வாய் கிட்டிச் செத்தன. பழமையைப் போற்றுகிறோம் என்று அதை மறைக்கக் கூடாது. பிறந்த குழந்தைகளைக் கொல்லும் அந்த ரணஜன்னி ஒழிந்தது என்று இந்தியா சொல்ல முடிந்ததே 2015இல்தான்.

எங்கள் பக்கத்தில் அந்த மாற்றத்துக்கு ஒரு முகம் உண்டு. டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள், 1904இல் பிறந்தவர். இளம்வயதில் கணவரை இழந்தபின் டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தார். 1944இல் கஸ்தூரிபா மறைந்தபின் அவர் பெயரால் கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று ஒரு நிதி அமைந்தது. அந்தப் பணியைத் தென்னாட்டில் ஏற்றுக்கொண்டவர் சௌந்தரம். 1947இல் இரண்டாவது கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். அங்கே சிறு மகப்பேறு விடுதியாக ஆரம்பித்ததுதான் இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனை. தறிச்சத்தம் ஓயாத சின்னாளபட்டியிலிருந்தும் ஆத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் அங்கே போய்ப் பெற்றுப் பிழைத்தார்கள். "நான் காந்திகிராமத்துல பெத்தவ" என்று சொல்லும்போது எங்கள் ஊர்க் கிழவிகளின் குரலில் ஒரு நிமிர்வு இருக்கும்.

பெற்றபின் நம் பேச்சில் அவள் பச்சை உடம்புக்காரி. இதற்குத் தொல்காப்பியம் உரியியலில் ஒரு பழைய உறவு இருக்கிறது: புனிறு, அதாவது ஈன்றணிமை. ஈன்ற அண்மையில் உள்ள பசுவைப் புனிற்றா என்றார்கள். புனிறு போய்விட்டது, பச்சை உடம்பு நிற்கிறது. காயாத மண்பானையைக் கைவைத்து நசுக்கிவிடக் கூடாது என்பதுபோல அந்த உடம்பைக் காக்க ஒரு ஒழுங்கே உண்டாயிற்று: வெந்நீர்க் குளியல், சுக்கும் மிளகும் சேர்ந்த மருந்து, கொடைக்கானல் மலைப்பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிப் போட்ட குழம்பு, கருவாடு, பேச்சுத்துணைக்கு நான்கு பெண்கள். இதில் தள்ள வேண்டியதும் உண்டு. பிள்ளை நாக்கில் சேனை தொட்டுவைக்கும் வழக்கத்தை, தேனோ சர்க்கரைத் தண்ணீரோ எதுவானாலும், நான் என் பிள்ளைக்குச் செய்ய விடவில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிய காலமும் இருந்தது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் அதைத்தான் கொடுக்க வேண்டும், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று மருத்துவர்கள் சொல்வது சரி. அம்மாச்சிக்கு ஒருநாள் வருத்தம். மறுநாள் அவரே பிள்ளையை என் மார்பில் சரியாகப் பிடித்துவைத்தார்.

பேறு என்ற சொல்லுக்கு ஒரு நிழலும் இருக்கிறது. பெறுவது பேறு என்றால், பெறாதவள் பேறில்லாதவள். எங்கள் தெருவிலேயே ஒரு சித்தியை வளைகாப்பு வரிசையில் பின்னே நிற்கச் சொன்னார்கள். என் கையில் முதல் வளையலை அவர் போட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், போட்டார். சொல்லின் பெருமையைப் பேசுகிறவர்கள் அந்தக் காயத்தையும் பேச வேண்டும்.

அலுவலகத் தமிழ் மட்டும் பேற்றைக் கைவிடவில்லை. மகப்பேறு விடுப்பு, மகப்பேறு நிதியுதவி. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்த 12 வாரத்தை 2017இல் 26 வாரமாக்கினார்கள். தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். சட்டம் இப்படி மெல்லமெல்ல அம்மாச்சியின் கணக்குக்கு வந்து சேர்கிறது. ஆனால் நிலக்கோட்டையில் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவளுக்கு விடுப்பு யார் தருவது? முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் அவளுக்குத் தவணையாக 18,000 ரூபாய் வரைக்கும் உதவி கிடைக்கிறது. அது ஆறுதல்தான். பச்சை உடம்போடு அவள் மறுபடி பூங்கூடையைத் தூக்கும் நாளைத் தள்ளிவைக்க அது போதவில்லை என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். டெலிவரி நடந்துவிடுகிறது, பேறுகாலம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

நாலாம் மாதம் ஒரு காலையில் அம்மாச்சி பிள்ளையைத் தோளில் நிமிர்த்தி, பிடரிக்குப் பின்னால் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கையை வைத்துக்கொண்டார். தலை சாயவில்லை. எதிரே கொடியில் காய்ந்த என் சேலையைத் திரும்பிப் பார்த்தது. கையை எடுத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்: "மாப்பிள்ளைக்குச் சொல்லிவிடுங்க. பேறுகாலம் முடிஞ்சிருச்சு."